மலையேறிய கம்பி

அத்தியாயம் ஒன்பது

கதவு சாத்தின சத்தத்தை பக்கிள் தாங்கிக்கொண்டான். அடுத்து வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"காத்துல சாத்திக்கிச்சா, மிஸ்?"

"காத்துக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது, பக்கிள்."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெர்வாஸ் பின்ச்சின் குரல் வந்தது. பத்து நிமிஷம் முன்னால் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது இருந்த அதே இனிப்பான குரல்.

"ஒயின் வைக்கிற நிலவறையைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டீங்களே, நல்லாப் பாருங்க. கோடைக்கு வாடகை வீடு தேடி வர்ற புருஷன் பொண்டாட்டி யாரும் கார்ப்பெட்டைக் குனிஞ்சு பார்க்கிறதில்ல. உங்களை யார் அனுப்பினதுன்னு தெரியும். மூணு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு. அது முடிஞ்சதும் உங்க ரெண்டு பேரையும் கவனிக்கிறேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பக்கிள் கல்படிகளில் ஏறிக் கதவில் தோளைக் கொடுத்தான். ஓக் மரக் கதவு. தோள்தான் நகர்ந்தது. இன்னொரு முறை மோதினான். பிறகு தோளைத் தடவிக்கொண்டு இறங்கி வந்தான்.

"புருஷன் வேஷத்துக்கு நான் பொருத்தமில்லேன்னு காலையிலேயே சொன்னேன். என்னைப் பார்த்தா யாராவது வீட்டு வாடகை கொடுப்பான்னு நம்புவாங்களா?"

மிஸ் மார்ஜரி பிளெங்கின் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த ஆப்பிள் பெட்டி மேல் உட்கார்ந்தாள். ஐம்பத்தொன்பது வயது. சொந்தக் கடைக்குத் தீ வைத்துவிட்டு இன்ஷூரன்ஸ் கேட்பவர்களைப் பிடிப்பதில் முப்பது வருஷத்தைக் கழித்தவள். ஓய்வு பெற்ற மறுவாரமே லீட்ஸ் நகரத்தில், மீன் வறுவல் கடையின் மாடியில், துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். ஆட்ரியன் பக்கிள் அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் பஸ் ஓட்டினான். மைக்கை அணைக்காமல் பயணிகளுக்கு ஜோக் சொல்லிக்கொண்டே போனதால் வேலை போயிற்று. பஸ் வேலையில் அவனுக்குப் பிடித்ததே சுற்றிலும் கண்ணாடி இருந்ததுதான். மூடின அறை அவனுக்கு ஆகாது. லிஃப்டில்கூட ஏற மாட்டான்.

இங்கே சுற்றிலும் கல். மேலே ஒரு மூலையில், வெளியே தரை மட்டத்தில், இரும்புக் கம்பி போட்ட சின்னக் காற்றுத்துளை. பிப்ரவரி மாத வெளிச்சம் அதன் வழியாகச் சாம்பல் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

"மிஸ், மொபைல்ல சிக்னல் இல்ல."

"இந்தப் பள்ளத்தாக்குக்கே கிடையாது."

"பரவாயில்ல. போலீஸ் சார்ஜென்ட் ஆர்மராட் வந்துடுவாரு. நாம இங்க வந்தது அவருக்குத் தெரியும்ல?"

அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அவர்கிட்ட நான் சொன்னது வேற, பக்கிள். மூணு மணிக்குக் கெல்டர்வைக் கிராமத்துச் சர்ச்சுக்குள்ள புகுந்துடுங்கன்னு சொன்னேன். இங்க வர்றதைச் சொல்லல. சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பிடலாம்னு நினைச்சேன்."

"அப்போ நாம இங்க இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

"பின்ச்சுக்கு."

பக்கிள் சிரிக்கப் பார்த்தான்.

இந்த ஹேகில் வீட்டின் சொந்தக்காரர் லயனல் கார்த். அவருடைய தங்கை பிலிப்பா கனடாவில், டொரான்டோவில் இருக்கிறாள். போன வருஷம் லயனலின் மனைவி இறந்தாள். அவளுடைய அண்ணன் மகன் ஜெர்வாஸ் பின்ச், மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினான். இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு லயனல் கம்ப்யூட்டரில் முகம் காட்டித் தங்கையோடு பேசினார். நன்றாக இருக்கிறேன், இப்போது வர வேண்டாம் என்றார். இரண்டு வாரம் முன்னால் புதிதாக ஒன்று சொன்னார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையைக் கல் குவாரிக்காரர்களுக்கு விற்கப் போகிறாராம். இந்த ஞாயிறு, அதாவது இன்று, வக்கீலும் தங்கையும் திரையில் பார்க்க, சம்மதம் என்று வாயால் சொல்லப் போகிறாராம்.

அந்த மலையை அளக்க வந்தவனைக் குடையால் அடித்து விரட்டினவர் லயனல். பிலிப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. லீட்ஸ் ஆபீசுக்குப் போன் வந்தது.

பழைய வீடியோ ஒன்றை பிலிப்பா அனுப்பியிருந்தாள். மிஸ் பிளெங்கின் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இவ்வளவு தெளிவான படம் அந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வருகிறது?

லயனலின் காதுமுடியைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் ஹேகில் வீட்டு டெலிபோன் லைன் அவருடைய அப்பா காலத்தோடு செத்துப்போனது. போன் மணி கேட்டாலே லயனலுக்கு ஆகாது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக யாரும் தொடாத லைன். அதை உயிர்ப்பித்து பிராட்பேண்ட் போட்டால் என்ன வேகம் வரும்? ஊர் ஊராக வேகத்தைக் கணித்துச் சொல்லும் இணையதளத்தில் பழைய போன் நம்பரைத் தட்டினாள். அப்படியொரு நம்பரே இல்லை என்றது. பின்கோடைத் தட்டினாள். பதில் வந்தது. ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு. கெல்டர்வைக் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து மைல் தாமிரக் கம்பி. அவ்வளவு தூரம் நடந்து வருவதற்குள் சிக்னலுக்கு மூச்சு வாங்கிவிடும்.

வரும் வழியில் கீழ்ப் பண்ணைக்காரி மிஸஸ் ஸ்லெய்த்ஹோமும் அதையே சொன்னாள். "ராத்திரி படம் பார்க்கணும்னா நான் காலையில மாடு கறக்கிறப்பவே டவுன்லோடுக்குத் தட்டிவிட்டுடுவேன் கண்ணு. அப்பவும் கதாநாயகன் செத்தானா பொழைச்சானான்னு தெரியாம தூங்கிப்போயிடுவேன்."

ஆகவே அந்த வீடியோ இங்கிருந்து போகவில்லை, லயனல் இங்கே இல்லை. வேகம் கிடைக்கும் இடத்தில், எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த கட்டடம், பூட்டிக் கிடக்கும் பழைய சர்ச், போன வருஷம் பின்ச் வாங்கிப் போட்டது. மிஸ் பிளெங்கின் முடிச்சைப் போட்டுவிட்டாள்.

இன்று மதியம் அந்த முடிச்சு இன்னும் இறுகியது. வீடியோவில் லயனலுக்குப் பின்னால் தெரியும் புத்தக அலமாரி இந்த வீட்டு வாசிப்பறையில் இல்லை. சுவர்க் காகிதத்தில் அலமாரி அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது. கார்ப்பெட்டில் நாற்காலிக் கால்களின் பள்ளம் அப்படியே இருந்தது. அதைத்தான் அவள் குனிந்து பார்த்தாள். அதைத்தான் பின்ச்சும் பார்த்துவிட்டான்.

"சாமானோட ஆளையும் சேர்த்துக் கிராமத்துக்குக் கொண்டுபோயிட்டான்" என்றாள் இப்போது, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. "ஆர்மராட் சர்ச்சுக்குள்ள போனா லயனல் கிடைச்சிடுவாரு. நம்ம நிலைமை எப்படியிருந்தாலும் அவர் தப்பிச்சிடுவாரு."

"நம்ம நிலைமையைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமே, மிஸ்."

பக்கிள் நிலவறையை அலசினான். ஒயின் ஒரு சொட்டு இல்லை. வெங்காய ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக இருந்தன. உடைந்த சறுக்கு வண்டி ஒன்று. சமையலுக்குப் போடும் பன்றிக் கொழுப்பு அடைத்த பெரிய டின் ஒன்று, மூடி துருப்பிடித்து. காலி பீப்பாய்.

"சாப்பாட்டுக்குக் கவலையில்ல. வெங்காயம் தின்னுட்டு ரெண்டு பேரும் மூச்சு விட்டா, கதவு தானா விழுந்துடும்."

வாய் பேசிக்கொண்டிருந்ததே தவிர உள்ளங்கை வேர்த்து வழிந்தது. சுவர்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரற்கடை நெருங்கி வருவது போலிருந்தது. ஜோக் நின்றால் அலறிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பக்கிள், அந்தத் துளைகிட்ட போய் நில்லு. வெளியே என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லு" என்றாள் மெதுவாக.

பீப்பாயை உருட்டிக்கொண்டு போய் நிமிர்த்தி மேலே ஏறினான். முகத்தில் குளிர்காற்று பட்டதும் பாதி உயிர் திரும்பி வந்தது.

"கம்பி ரொம்ப நெருக்கம். பூனையா இருந்தாக்கூட பட்டினி கிடந்துட்டு வந்தாத்தான் நுழையும்."

"வெளியே?"

"வீட்டுக்குப் பின்பக்கம். புல்லு. கல் வேலி. மலை. ஆடு, அதுக்குப் பின்னால இன்னொரு ஆடு. மலை மேல வரிசையா கம்பம். ஏன் மிஸ், இந்த ஊர் ஆடுங்களுக்கு யாரு போன் பண்றாங்க?"

அவள் உட்கார்ந்திருந்த பெட்டி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாள்.

"என்ன கம்பம்?"

"மரக் கம்பம். ஒல்லியா, சாஞ்சு சாஞ்சு நிக்குது. உச்சி வரைக்கும் போய் அந்தப் பக்கம் இறங்குது. ஒரே ஒரு கம்பி."

"பாதையோரமா வந்தப்போ பார்த்தோமே, அந்தக் கம்பங்க?"

"அது கரண்டு. மூணு கம்பி, பீங்கான் கிண்ணம், மண்டையோடு படம் எல்லாம் இருந்துச்சு. பஸ் ஓட்டினவனுக்குத் தெரியாதா, எத்தனை கம்பத்தை இடிச்சிருக்கேன்! இது வேற. இது போன் கம்பி."

"இறங்கு."

இறங்கினான். அறுபதைத் தொடும் மிஸ் பிளெங்கின் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பீப்பாய் மேல் ஏறி நின்று வெளியே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திரும்பியபோது அவள் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"அந்தப் பக்கம் என்ன ஊர், பக்கிள்?"

"ஓஸ்கில். பழைய ஈயச் சுரங்க ஊர். ரோட்டுல போனா மலையைச் சுத்தி அரை மணி நேரம் ஆகும்."

"நேரா மலையேறி இறங்கினா?"

"ஒரு மைல் இருந்தா அதிகம்."

"ஓஸ்கில்லயும் ஒரு எக்ஸ்சேஞ்ச் இருக்கு." குரல் தேய்ந்தது. "இது முன்னே சுரங்க மேனேஜருக்குக் கட்டின வீடு. அந்தக் காலத்துல சுரங்க ஆபீஸ்லேர்ந்து மலை மேலயே கம்பி இழுத்துட்டாங்க. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும். அக்கம்பக்கம் எல்லாம் கெல்டர்வைக் லைன். செத்துப்போன நம்பரை வச்சுக் கணக்குப் போட முடியாததால, அந்த இணையதளம் அக்கம்பக்கத்து வீட்டை வச்சுக் குத்துமதிப்பா ஒண்ணு சொல்லியிருக்கு. நானும் அதை அப்படியே நம்பிட்டேன்."

பக்கிள் விரல் விட்டு எண்ணினான்.

"அப்போ அஞ்சு மைல் இல்ல, ஒரு மைல். அப்படின்னா வேகம்?"

"பத்து, பன்னெண்டு மெகாபிட் வரும். காதுமுடியை எண்ணலாம்."

"அப்போ லயனல்..."

"இந்த வீட்டுலதான் இருக்காரு. நம்ம தலைக்கு மேல."

இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"வாசிப்பறை ஜன்னல் பாதையைப் பார்த்த மாதிரி இருக்கு. தபால்காரன் எட்டிப் பார்க்கலாம். அதனால அலமாரியையும் நாற்காலியையும் ஜன்னல் இல்லாத உள்ளறை ஒண்ணுக்கு மாத்தியிருக்கான். கார்ப்பெட்டு என்கிட்ட உண்மையைத்தான் சொல்லிச்சு. நான்தான் தப்பாப் படிச்சேன். போலீசைக் காலிக் கட்டடத்துக்கு அனுப்பி வச்சதும் நான்தான்." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல அவரு சம்மதம்னு சொல்லிடுவாரு. அதுக்கப்புறம் அவரு உயிரோட இருக்கிறதுல பின்ச்சுக்கு எந்த லாபமும் இல்ல. நாம இருக்கிறதுலயும்தான்."

அவள் அப்படி உடைந்து நின்று பக்கிள் பார்த்ததில்லை. தீ வைத்தவர்கள், பொய் நொண்டிகள், செத்துப்போனதாக நடித்தவர்கள் எல்லோரையும் ஒரு புருவத்தால் பணிய வைத்தவள். சுவர்கள் மறுபடி நெருங்கத் தொடங்கின. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

"மிஸ், அந்தக் கம்பி மலையிலேர்ந்து இறங்கி வீட்டுக்குள்ள எங்க நுழையுது?"

அவள் தலை நிமிர்ந்தது.

துளையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். கல்லிடுக்கில் கறுப்பாக ஒரு ஒயர் உள்ளே வந்து சுவரோடு இறங்கியது. ஒட்டடைக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு பழைய மரப்பெட்டி. பக்கிள் மூடியைப் பிய்த்தான். பச்சைக் களிம்பேறிய ஆணிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் இரண்டு மட்டும் புதுக் காசு போல மின்னின. சுரண்டிச் சுத்தம் பண்ணிப் புது ஒயர் கோத்திருந்தது. அந்த ஒயர் மேலே கூரை ஓட்டைக்குள் ஏறிப் போயிற்று.

"நம்ம நண்பரோட கைவேலை. லைனுக்கு உயிர் கொடுத்தப்போ இங்க வந்துதான் ஒட்டுப் போட்டிருக்கான்" என்றாள் மிஸ் பிளெங்கின். நிறம் திரும்பியிருந்தது. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள்.

"பூட்டைத் திறக்கப் போறீங்களா? பூட்டு வெளியில இருக்கு."

"இந்த ரெண்டு ஆணியையும் ஊசியால சேர்த்துத் தொட்டா என்ன ஆகும்?"

"ஷாக் அடிக்கும். எனக்கு. ஏன்னா நீங்க என்னைத்தான் தொடச் சொல்வீங்க."

"போன் லைன் ஆளைக் கொல்லாது. ஆனா மாடியில இன்டர்நெட் செத்துடும். எடுத்தா உயிர் வரும். மறுபடி தொட்டா மறுபடி சாகும். வக்கீல் திரையில காத்துக்கிட்டிருக்கிறப்போ லைன் திரும்பத் திரும்பப் போனா, பின்ச் என்ன செய்வான்?"

பக்கிள் கண்கள் விரிந்தன. "முதல்ல மோடத்தை அணைச்சுப் போடுவான். எல்லாரும் அதைத்தானே செய்வாங்க."

"அப்புறம்?"

"ஒட்டுப் போட்ட இடம் விட்டுப்போச்சான்னு பார்க்க வருவான்." அவன் கதவைப் பார்த்தான். "இங்க."

"கையில எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் வருவான். அதனால அவன் நல்லபடியா கீழ வந்து சேர நாம விடக் கூடாது." அவள் பார்வை அந்தத் துருப்பிடித்த டின் மேல் நின்றது. "எனக்குத் தெரிஞ்சு அந்தக் கொழுப்பு இருபது வருஷம் பழசு. சமையலுக்கு ஆகாது."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு இருவரும் வேலையில் இறங்கினார்கள். கல்படிகள் பன்னிரண்டோ என்னவோ. மேல்படிகளை விட்டுவிட்டு, நடுவிலிருந்து கீழ் வரை கொழுப்பை வாரி வாரி அப்பினார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"எங்கம்மா கேக்குக்குக்கூட இவ்வளவு தாராளமா வெண்ணெய் தடவினதில்ல."

"பேசாம தடவு."

கைக்கடிகாரத்தில் மூன்று தாண்டியது. பக்கிள் சுவரிலிருந்த மரப்பெட்டி அருகே நின்றான். ஊசியை இரண்டு ஆணிக்கும் நேராகப் பிடித்தான்.

"பேச ஆரம்பிச்சிருப்பாங்க. தொடு."

தொட்டான். ஒன்றும் ஆகவில்லை. சத்தமில்லை, பொறியில்லை.

"நிஜமாவே ஏதாவது நடக்குதா, மிஸ்?"

"நம்பு. இப்போ எடு."

எடுத்தான். மோடம் மூச்சு வாங்கி எழுந்திருக்க நேரம் கொடுத்தார்கள். மறுபடி தொட்டான். எங்கோ மேலே, மிக மேலே, ஒரு கதவு அறையும் ஓசை. எடுத்தான். காத்திருந்தான். தொட்டான்.

இந்தத் தடவை காலடிச் சத்தம் கேட்டது. மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, நடையைக் கடந்து, நேராக நிலவறைக் கதவுக்கு வந்து நின்றது.

மிஸ் பிளெங்கின் படிக்கட்டின் இடுக்கில் ஒடுங்கினாள். பக்கிள் ஊசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கினான். தன் இதயத் துடிப்பு கொழுப்பு டின்னில் எதிரொலிப்பது போலிருந்தது அவனுக்கு.

தாழ்ப்பாள் விலகியது. வெளிச்சம் பாய்ந்தது. அதற்கு நடுவில் பின்ச் நின்றான். கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி.

"அந்த ஒயர்ல யாரு கை வச்சது?"

துப்பாக்கி முனை இருட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவியது.

"ரெண்டு பேரும் வெளிச்சத்துக்கு வாங்க. கெஞ்சிக்கிட்டிருக்க எனக்கு நேரம் இல்ல."

ஒரு படி இறங்கினான். இரண்டு. மூன்று. பக்கிளுக்கு எங்கே தடவ ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோயிற்று. நாலாவது படியும் ஏமாற்றியது. ஐந்தாவதில் பின்ச்சின் வலது கால் தன் பாட்டுக்கு முன்னால் போயிற்று. மற்றதெல்லாம் பின்னால் போயிற்று. துப்பாக்கி கூரையைப் பார்த்து வெடித்தது. காரை மழையாகக் கொட்டியது. ஒவ்வொரு படியிலும் முதுகு ஒரு முறை மோத, பின்ச் வழுக்கிக்கொண்டே வந்து வெங்காய ஜாடிகளுக்கு நடுவே முடிந்தான்.

துப்பாக்கி தனியே வந்து விழுந்தது. மிஸ் பிளெங்கின் அதைக் குடையை எடுப்பது போல எடுத்துக்கொண்டாள்.

"படியில ஓரமா ஏறு, பக்கிள். சுவத்தைப் பிடிச்சுக்கோ."

ஏறினான் என்று சொல்ல முடியாது. நாலு காலில் தவழ்ந்தான். மேலே போய் அவளைக் கை கொடுத்துத் தூக்கினான். கீழே பின்ச் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி வழுக்கி விழுந்தான். வாயில் வந்ததெல்லாம் பேசினான். பக்கிள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினான். அந்தச் சத்தம் இப்போது அவனுக்குச் சங்கீதமாக இருந்தது.

இரண்டாவது மாடியின் கோடியில் ஓர் அறை. வெளியே பூட்டில் சாவி தொங்கியது. திறந்தார்கள்.

ஜன்னல் இல்லாத சாமான் அறை. புத்தக அலமாரி. அதன் முன்னால் நாற்காலியில், முழங்காலில் கம்பளியோடு, வீடியோவில் பார்த்த அதே முகம். திரையில் தெரிந்ததைவிடப் பாதி ஆள்தான் இருந்தார் லயனல் கார்த். இடுப்பெலும்பு முறிந்து ஒழுங்காகக் கூடாததால் நிற்க முடியாத கால்கள். எதிர் மேசையில் லேப்டாப். எழுந்தால் மட்டுமே எட்டக்கூடிய உயரத்தில், அலமாரி உச்சியில், இருதய மாத்திரைப் புட்டி. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேண்டுமென்றே வைத்திருந்தது.

"சொன்னபடி பேசினாத்தான் மாத்திரை" என்றார் லயனல். குரல் காகிதம் உரசுவது போலிருந்தது. "நீங்க யாரு?"

"உங்க தங்கை அனுப்பின ஆளுங்க." மிஸ் பிளெங்கின் புட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

லேப்டாப்பில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று படம் வந்தது. ஒரு மூலையில் யாரோ ஒரு வக்கீல், நடுவில் நரைத்த தலை, அழுது வீங்கின கண்கள். பிலிப்பா.

"லயனல்! என்ன ஆச்சு? யாரு அவங்கல்லாம்?"

"பிலிப்பா, நான் பிளெங்கின். உங்கண்ணன் ஹேகில் வீட்டுலதான் இருக்காரு. கெல்டர்வைக் போலீசுக்கு உடனே போன் பண்ணுங்க. ஆர்மராட்டை இங்க..."

படம் உறைந்தது. பிலிப்பாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. வக்கீல் கண்ணாடியைத் துடைத்த நிலையில் சிலையானார்.

பக்கிள் பையைத் தடவினான். ஊசி இருந்தது.

"பின்ச்! அவன்தான் ஒயரைப் பிச்சுட்டான். நாம செஞ்சதையே திருப்பிச் செய்யறான்."

"எவ்வளவு கேட்டிருக்கும்னு தெரியலையே" என்றாள் மிஸ் பிளெங்கின்.

கீழேயிருந்து கதவை ஜாடியால் அடிக்கும் ஓசை இரண்டாவது மாடி வரை கேட்டது. ஓக் தாங்கும். எவ்வளவு நேரம் என்றுதான் தெரியாது. அவள் வாசலில் நாற்காலி போட்டு, படிக்கட்டைப் பார்த்து, துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

லயனல் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கிளின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"தம்பி, என்னை ஒரு ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போக முடியுமா?"

பக்கிள் அவரைத் தூக்கினான். ஈரக் கோட்டு அளவுக்குத்தான் கனம். நடைக்கு எதிரே படுக்கையறை. முழங்காலால் கதவைத் தள்ளிக்கொண்டு போய், திரையை விலக்கி, பெரிய ஜன்னலுக்கு முன்னால் நின்றான். மலை முழுசாகத் தெரிந்தது. பழுப்பும் பச்சையுமான புல், கல் வேலிகள், ஆடுகள், மலைக்கு இந்தப் பக்கம் கிராமத்துக்குப் போகும் பாதை, எல்லாவற்றின் மேலும் மங்கின சாயங்கால வெயில்.

லயனல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டார்.

"பனி எங்கே?"

"என்ன பனி?"

"மூணு மாசமா விடாம பனி கொட்டுது, பாதையெல்லாம் மூடிப்போச்சு, யாரும் வர முடியாதுன்னு சொன்னானே. மிஸஸ் ஸ்லெய்த்ஹோம்கூட எட்டிப் பார்க்கலையேன்னு கேட்டதுக்கு, அவ கதவு உயரத்துக்குப் பனின்னான். நானும் பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோன்னு..."

உள்ளங்கையால் ஜன்னலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்த வருஷம் பனியே பெய்யல, ஐயா" என்றான் பக்கிள்.

ஆளைச் சிரிக்க வைக்க அவனிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். இப்போது தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. கிழவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கை வலிக்க வலிக்க அப்படியே நின்றான்.

கீழே பாதை வளைவில் ஒரு போலீஸ் ஜீப் தலை காட்டியது. அது மெதுவாக, பள்ளம் மேடு பார்த்து, பனியில்லாத பாதையில் வீட்டை நோக்கி ஏறி வந்தது.